மேட்டில் மூச்சு வாங்கும் வண்டி

ஜனவரி 9

தம்பிக்கு,

இதை நான் வேலை செய்கிற ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் விரிப்புக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டிலிருந்து போனில் பேச வழியில்லை. இருப்பது ஒரே அறை, உன் அண்ணனுக்கோ பாம்புக் காது. நீயும் பதிலை இந்த முகவரிக்கே போடு.

விஷயம் இதுதான். அவர் சைக்கிளில் மோட்டார் பூட்டிவிட்டார்.

பழைய சாமான் சந்தையிலிருந்து ஒரு குட்டி இன்ஜினைத் தூக்கிக்கொண்டு வந்தார். சைக்கிள் சட்டத்தின் முக்கோணத்துக்குள் அதைத் திணித்து, பின்சக்கரத்துக்குத் தனியாக ஒரு செயின் போட்டு, ஒரு வாரம் சமையல் மேடையை எனக்கு விடவில்லை. கிளம்பும்போது அது போடுகிற சத்தத்துக்குத் தெருவில் கொசு என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவருக்கு அதிலும் பெருமை.

பஸ் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் அவருக்கு வலிப்பு வந்தது, நீ டிப்போவுக்குப் போய் மேலாளரிடம் சொன்னது, வேலை போனது, உன்னோடு பேச்சை நிறுத்தியது எல்லாம் பழைய கதை. நான் உன்னைக் குறை சொல்லவில்லை. பின்னால் ஒரு பஸ் நிறைய ஆள் உட்கார்ந்திருக்கும் வண்டி அது. ஆனால் இன்றைக்கும் வீட்டில் உன் பேச்சை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுகிறார்.

போன மாதம் சவரம் செய்யும்போது மறுபடியும் வலிப்பு வந்தது. கன்னத்தில் தையல். எந்த வண்டியையும் தொடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வெளியே வந்ததும் இவர் என்னிடம், "வண்டியைத்தானே தொடக்கூடாதுன்னாரு? இது சைக்கிள்டி" என்கிறார்.

இப்போது அதுவும் போதவில்லை. டிப்போவுக்குப் போகிற மேட்டில் வண்டிக்கு மூச்சு வாங்குகிறதாம். மிதிக்காமல் அந்த மேட்டை ஏறியாக வேண்டுமாம். அந்த மேட்டில் லாரி எப்படி இறங்கும் என்று உனக்குத் தெரியும். உடைத்துப் போட்டால் மறுபடி கட்டிவிடுவார். அவர் கண்டுபிடிக்க முடியாதபடி அதை அடக்கிவைக்க ஒரு வழி சொல்லு. நீ லேத்தில் நிற்கிறவன், உனக்குத் தெரியாததா?

எனக்குத் தூக்கம் போய் ரொம்ப நாளாயிற்று.

அண்ணி


ஜனவரி 21

அண்ணிக்கு,

நீங்கள் எழுதியதை மூன்று ஷிப்டாக யோசித்தேன். இங்கே யோசிக்கத்தான் நேரம் இருக்கிறது. பம்புக்கு வால்வு கடைவது கை தானாகச் செய்கிற வேலை.

பெட்ரோலில் எதையும் கலக்காதீர்கள். பிளக்கைக் கெடுக்காதீர்கள். பிரேக் பக்கமே போக வேண்டாம். இன்ஜின் நடு ரோட்டில் நின்றால் அதுவே ஆபத்து. வண்டி ஓட வேண்டும், ஆனால் மெதுவாக ஓட வேண்டும். விழுந்தாலும் ஆள் நடக்கிற வேகத்தில் விழட்டும்.

கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே வளைந்த ஒரு சின்னக் குழாய் இருக்கும். விரல் நீளம்தான், இரண்டு நட்டு போட்டு இறுக்கியிருக்கும். இன்ஜின் மூச்சு இழுப்பது அதன் வழியாகத்தான். நான் அதே மாதிரி ஒன்று செய்து அனுப்புகிறேன். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. உள்ளே நடுவில் ஒரு வளையம் கடைந்து இறக்கி, இரண்டு பக்கமும் சரிவாக வழித்துவிடுவேன். மெதுவாகப் போகும்போது ஒன்றும் தெரியாது. கைப்பிடியை முழுக்கத் திருகினால்தான் திணறும். கார்புரேட்டரைச் சந்தேகப்படுவார், சைலன்சரைச் சந்தேகப்படுவார். குழாயை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

அவர் இல்லாத நேரம் அதன் மேல் காகிதத்தை வைத்து, பென்சிலால் தேய்த்து அளவு எடுத்து அனுப்புங்கள். நட்டின் ஓட்டைகளுக்கு நடுவே உள்ள தூரம் முக்கியம்.

டிப்போவில் நான் சொன்னது சரிதான். இன்றைக்கும் சொல்வேன். கன்னத்துத் தையல் ஆறிவிட்டதா?

தம்பி


பிப்ரவரி 14

தம்பிக்கு,

பார்சல் வந்தது. சலவைக்கூடத்தில் பிரித்தபோது பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, "இது எந்த உறுப்புக்கு வைக்கிறது?" என்று கேட்டாள். மூக்குக்கு என்று சொல்லிவைத்தேன்.

மாத்திரை போட்டால் மத்தியானம் அசந்து தூங்குவார். அந்த நேரம் பார்த்து உட்கார்ந்தேன். பார்சலோடு வந்த சீட்டில் பத்தாம் நம்பர் ஸ்பேனர் என்று எழுதியிருந்தாய், சரி. அது அவருடைய பைக்குள் எந்த மூலையில் இருக்கும் என்று எழுதினாயா? ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் வைத்தேன், சத்தம் வரக்கூடாது என்று மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் பையிலிருந்து ஒன்றையும் நான் திருடியதில்லை. நட்டு ஒன்று கை தவறி உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. அவர் புரண்டு படுத்தார். குறட்டை மறுபடி கேட்ட பிறகுதான் கட்டிலுக்கு அடியில் கையை விட்டு எடுத்தேன்.

மாட்டிவிட்டேன். பழைய குழாயை என் வேலையிடத்து அலமாரியில் பூட்டிவைத்திருக்கிறேன்.

சாயங்காலம் மேட்டுக்குப் போனார். நான் ஜன்னலில் நின்றேன். பாதி மேட்டில் கொசு தொண்டை அடைத்த மாதிரி முனகியது. அவர் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார். வந்ததும், "போன வாரம் இதைவிட நல்லா ஏறிச்சே" என்றார். நான் கீரை ஆய்கிறவளைப் போலக் குனிந்துகொண்டேன்.

அன்று நன்றாகத் தூங்கினேன். உனக்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். தையல் ஆறிவிட்டது, கோடு மட்டும் இருக்கிறது.

அண்ணி


பிப்ரவரி 26

அண்ணிக்கு,

நல்லது. இனி அவர் சும்மா இருக்க மாட்டார். சைலன்சரை மாற்றுவார். அதற்கப்புறம் பின்சக்கரத்துக்குப் பெரிய பல்சக்கரம் போடுவார். பல் கூடினால் மேட்டில் இழுக்கும் என்பது சரியான கணக்குதான். ஆனால் அப்போது இன்ஜின் இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். சுற்றக் காற்று வேண்டும். காற்றைத்தான் அடைத்துவிட்டோமே. தலைகீழாக நின்றாலும் ஏறாது.

இரண்டு நட்டும் இறுக்கமாக இருக்கிறதா என்று அவ்வப்போது தொட்டுப் பாருங்கள்.

என் அறையில் ஆறு பேர் படுக்கிறோம். நான் படுக்கிற கட்டிலில் பகலில் வேறொருவன் தூங்குகிறான். அவன் உடம்புச் சூடு ஆறுவதற்குள் நான் போய் விழுகிறேன். வேறு சொல்ல ஒன்றுமில்லை.

தம்பி


மார்ச் 18

தம்பிக்கு,

நீ சொன்னபடியே ஒன்று விடாமல் செய்தார். உன் அண்ணனை அப்படியே அறிந்து வைத்திருக்கிறாய், அதில் எனக்கு என்னவோ கோபமாக வருகிறது.

சைலன்சரை அறுத்து, நடுவில் வயிறு பெருத்த மாதிரி ஒன்று தானே பற்றவைத்தார். இன்ஜினுக்குள் காற்று நுழைகிற வாயை அரத்தால் ராவி, நாணயம் தேய்க்கிற மாதிரித் தேய்த்துப் பளபளப்பாக்கினார். அப்போது குழாயைக் கழற்றினார். கழற்றி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். நான் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். "வெளிச்சம் தெரியுது, அடைப்பு இல்ல" என்று சொல்லித் துடைத்து மாட்டிவிட்டார். உன் கைவேலை அவ்வளவு சுத்தம்.

மேட்டில் ஏறவில்லை. பல்சக்கரத்தை மாற்றினார். ஏறவில்லை. பெட்ரோலில் எண்ணெய் எவ்வளவு என்று அளந்து மாற்றினார். பிளக்கைக் கழற்றி நிறம் பார்த்தார். ஏறவில்லை.

போன வாரம் வரைக்கும் எனக்கு உள்ளூரச் சிரிப்புதான். நேற்று வேலை முடிந்து வந்தபோது பின்சக்கரத்துக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் சாக்குக்கட்டி. பல்சக்கரத்தில் ஒவ்வொரு பல்லாகப் புள்ளி வைத்து எண்ணிக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டு, "நீ ஒரு தரம் எண்ணு. எனக்கு நாப்பத்தெட்டு வருது" என்றார். எண்ணினேன். நாற்பத்தெட்டுதான். "சரியா எண்ணினியா?" என்றார். மறுபடி எண்ணினேன். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "கணக்குப்படி இது ஏறணும். ஏறல. அப்போ கணக்கு தப்பு. எங்க தப்புன்னு எனக்குத் தெரியல. மண்டைக்குள்ள என்னமோ போயிடுச்சுடி."

வலிப்பு மூளையைத் தின்றுவிட்டது என்று நினைக்கிறார், தம்பி. நான் என்ன சொல்ல?

அண்ணி


மார்ச் 30

அண்ணிக்கு,

ஒன்றும் சொல்லாதீர்கள்.

எனக்கும் படிக்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. இரண்டு வால்வு அளவு தவறிப்போய் மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். முழு மூச்சோடு அந்த இன்ஜின் மேட்டை ஏறினால் அவர் அதோடு நிற்பாரா? அடுத்த நாள் இறங்குவார். இறக்கத்தில் கை இழுத்துக்கொண்டால் எதிரே வருகிற லாரிக்குத் தெரியுமா? தன்னையே முட்டாள் என்று நினைத்துக்கொண்டு ஒரு மனிதர் வீட்டில் உட்கார்ந்திருப்பது எனக்குப் பரவாயில்லை. ஆள் உயிரோடு இருக்கிறாரே.

சின்ன வயதில் எனக்கு சைக்கிள் பழக்கிவிட்டவர் அவர்தான். பின்னால் பிடித்துக்கொண்டே ஓடிவருவார். அவர் மூளையைப் பற்றி எனக்குக் கவலை இல்லாமலா இப்படி எழுதுகிறேன்? டிப்போ விஷயத்திலும் எல்லாரும் என்னைத்தான் கல்நெஞ்சன் என்றார்கள். இருக்கட்டும்.

கொஞ்ச நாளில் சலித்துப்போய் வேறு எதிலாவது கையை வைப்பார். பொறுங்கள்.

தம்பி


ஏப்ரல் 10

தம்பிக்கு,

பொறுங்கள் என்று எழுதுவதற்கு ஒரு தபால்தலை போதும். இங்கே இருந்து பார்.

சலித்துத்தான் போய்விட்டார். வண்டி மேல் பழைய விரிப்பைப் போர்த்தி மூலையில் சாத்திவிட்டார். வேறு எதிலும் கையை வைக்கவில்லை. அடுப்பை அணைத்தேனா என்று பார்த்துவிட்டு வா என்கிறார். பார்த்தால் அணைந்திருக்கிறது. மறுபடியும் கேட்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் தையல் மிஷினை எடுத்துக்கொண்டு வந்தார், நீங்கள் பார்த்தால் சரியாகிவிடும் என்று. "எனக்கு அதெல்லாம் இப்ப வர்றதில்லீங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். சட்டைப் பொத்தானை ஒன்று தப்பிப் போட்டால்கூட அதையே உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

இது வரைக்கும் பொறுத்திருப்பேன். போன வாரம் செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் போனோம். எப்படி இருக்கிறீர்கள் என்று அவர் கேட்டார். உன் அண்ணன், "கணக்கு எல்லாம் மறந்துபோகுது டாக்டர். கை செய்யறதை நம்ப முடியல. முப்பது வருஷமா தெரிஞ்ச இன்ஜின் வேலை, இப்ப புரியல" என்றார். டாக்டர் பேனாவை எடுத்தார். நோய் தலைக்குள் பரவுகிறதோ என்று மாத்திரையைக் கூட்டிவிட்டார். நான் பக்கத்து நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

இப்போது காலையிலும் தூங்குகிறார், மாலையிலும் தூங்குகிறார். சோறு வாயில் இருக்கும்போதே கண் சொருகுகிறது. நாம் போட்ட வளையத்துக்கு அவர் மாத்திரை தின்கிறார், தம்பி. இது எனக்குத் தாங்கவில்லை.

டாக்டர் அறையில் வாயை மூடிக்கொண்டிருந்தவள் நான். உன் மேல் கத்தி என்ன பிரயோசனம்? ஆனாலும் உன் மேல்தான் கத்தத் தோன்றுகிறது.

அண்ணி


ஏப்ரல் 19

அண்ணிக்கு,

சொல்லிவிடுங்கள். இன்றைக்கே சொல்லுங்கள். இந்தக் கடிதம் வருவதற்கு முன்பே சொல்லியிருந்தால் இன்னும் நல்லது.

முதலில் டாக்டரிடம் போய் உள்ளதைச் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாகக் குறைக்க வேண்டாம். அப்புறம் அவரிடம், குழாய் நான் கடைந்தது, யோசனை என்னுடையது என்று சொல்லுங்கள். என் மேல் இருக்கிற கோபத்தோடு இதுவும் சேரட்டும். இடம் இருக்கிறது.

டிப்போவில் வேலையைப் பிடுங்கியபோது அவர் கண்ணைப் பார்த்துப் பிடுங்கினேன். அதில் எனக்கு வெட்கம் கிடையாது. இந்தத் தடவை தூங்குகிறவரிடம் கைவைத்துவிட்டேன். அதுதான் இப்போது உறுத்துகிறது.

பழைய குழாயை மாட்டும்போது நடுவில் புது பேக்கிங் அட்டை வைக்கச் சொல்லுங்கள். ஆனால் அதற்கப்புறம் அவர் ஓட்டினால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, அண்ணி. எனக்கு வழி ஒன்றும் தோன்றவில்லை.

தம்பி


மே 6

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

உள்ளதைச் சொன்னதும் டாக்டர் என்னைத் திட்டினார். கையில் அகப்பட்டதை எல்லாம் மேசை மேல் தட்டித் தட்டித் திட்டினார். அப்புறம் மாத்திரையைப் பழைய அளவுக்கே கொண்டுவந்தார். உன் அண்ணன் தெளிவாக எழுந்து உட்கார ஒரு வாரம் பிடித்தது. அன்றைக்குப் பழைய குழாயையும் உன் குழாயையும் அவர் முன்னால் வைத்து, இரண்டுக்குள்ளும் விரலை விட்டுப் பார்க்கச் சொன்னேன். ஒன்றில் நுழைந்தது. ஒன்றில் நுழையவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். உன் பேரை மறைக்கவில்லை, என் பேரையும் மறைக்கவில்லை.

அடிப்பார் என்றுகூட நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான். "அப்போ என் கணக்கு சரியாத்தான் இருந்துச்சா?"

"சரியாத்தான் இருந்துச்சு" என்றேன்.

"நாப்பத்தெட்டு பல்லு?"

"சரிதாங்க."

அழுதார். உங்கள் அப்பா செத்தபோதுகூட அப்படி அழவில்லை என்று நீயே சொல்லியிருக்கிறாயே, அந்த மனிதர். அதற்கப்புறம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தட்டை வைத்தால் சாப்பிட்டார், எழுந்தார். பேசாமல் இருந்தாலும் அடுப்பை அணைத்தேனா என்று கேட்கவில்லை. அந்த இரண்டு நாளும் எனக்கு நிம்மதியாகவே இருந்தது, நீ நம்பினால் நம்பு.

மூன்றாம் நாள் உன் குழாயைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "வளைஞ்ச குழாய்க்குள்ள வளையத்தை எப்படி இறக்கினான்? முதல்ல இறக்கிட்டு அப்புறம் வளைச்சானா?" என்றார். எனக்கு என்ன தெரியும், அவனையே கேளுங்கள் என்றேன்.  இந்தத் தடவை அவர் எழுந்து வெளியே போகவில்லை.

பழைய குழாயை மாட்ட உட்கார்ந்தபோது நான் ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டேன். "கட்டுங்க, பிரிங்க, எவ்வளவு வேகம் வேணும்னாலும் வைங்க. நான் இனி எதையும் ஒளிச்சு வைக்க மாட்டேன். ஆனா ஓட்டுறது நான்" என்றேன்.

"உனக்கு கிளட்ச்னா என்னன்னு தெரியுமா?"

"உங்களுக்குத் தெரியாம நட்டு கழட்டத் தெரிஞ்சுது, இது தெரியாதா?"

அதற்குச் சிரித்துவிட்டார். சிரித்ததும் கோபம் வந்தது, நான் ஓட்டாத வண்டி எனக்கு எதற்கு என்று கத்தினார், ஒரு நாள் முழுக்க இழுபறி. சாயங்காலம் அவராகவே பின் கேரியரில் ஒரு பலகையை வைத்துக் கட்டினார்.  அது அவருக்கு எவ்வளவு பெரிய தோல்வி என்று எனக்குத் தெரியும். நான் பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

பத்து நாள் சமதளத்தில் பழக்கினார். கோபித்துக்கொள்ளாமல் சொல்லித்தர அவருக்கு வராது, அது உனக்கே தெரியும். இரண்டு தடவை வேலியில் போய் மோதினேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, லாரி ஓடாத நாள். காலையிலேயே மேட்டுக்குப் போனோம். நான் முன்னால், அவர் பின்னால் என் இடுப்பைச் சுற்றிக் கை போட்டுக்கொண்டு. அந்தக் கை லேசாகத் தளர்ந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும், நிறுத்திவிடுவேன். அதற்கு மேல் யோசிக்க எனக்குத் தெம்பு இல்லை.

மேடு தொடங்கியதும் பயத்தில் என் கால் தானாக மிதித்தது. அவர் என் முதுகுக்குப் பின்னால் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தார். பாதி மேட்டில், முன்பு அவர் இறங்கித் தள்ளிய இடத்தில், நான் மூச்சு வாங்க மிதித்துக்கொண்டிருக்கும்போது காதுக்குப் பக்கத்தில் சொன்னார்: "மிதிக்காத. கால எடு. ஏறும்."

இரண்டு பேர் பாரம், தம்பி. எனக்கு நம்பிக்கையே இல்லை. ஆனாலும் காலை எடுத்தேன்.

ஏறியது.

அண்ணி